நொய்யல் கேட்கும் கணக்கு

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று ஒரு பழமொழி உண்டு. வஞ்சகரைச் சுட்ட எழுந்த பழமொழி அது. ஆனால், வஞ்சக நெஞ்சம் ஏதுமின்றியே, ஒரு கை கிள்ளுவதை மறு கை உணராமலே, ஓர் அரசு அந்தக் காரியத்தை ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருக்க முடியும். சான்று வேண்டுமா? நொய்யலாற்றின் கரைக்கு வாருங்கள், தோழர்களே! அங்கே கிள்ளப்பட்ட பிள்ளை ஓர் ஆறு. தொட்டிலை ஆட்டிய கைகளோ பல.

இன்று அறிஞர் அவைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்பது. மண்ணிலிருந்து எடு, ஆலையிலே செய், ஆற்றிலே எறி என்பதே தொழில் யுகத்தின் நடைமுறையாக இருந்து வந்தது. எறிவதை ஒழித்து, எச்சத்தையே மீண்டும் முதற்பொருளாக்கு என்பது புதிய நெறி. பூமி என்பது எல்லையற்ற மேய்ச்சல் நிலம் அன்று, எடுத்ததை வைத்தே வாழ்ந்தாக வேண்டிய மூடிய விண்கலம் போன்றது என்று 1966ஆம் ஆண்டிலேயே எழுதினார் கென்னத் போல்டிங் என்ற பொருளியல் அறிஞர். ஜெர்மனி இந்நெறியைச் சட்டமாக்கி 1996இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜப்பான் 2000இல் அடிப்படைச் சட்டம் இயற்றிற்று. சீனத்தில் 2009இல் இதற்கான சட்டம் செயலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் செயல்திட்டம் வகுத்தது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த வளர்ச்சி இலக்குகளிலே, கொள்கைகள் ஒன்றோடொன்று இசைந்திருக்க வேண்டும் என்பதும் ஓர் இலக்காக இடம்பெற்றது.

கழிவை மீட்பதற்கும் கொள்கைகள் இசைவதற்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். உறவு உண்டு, உயிரான உறவு! எச்சம் ஆற்றிலே வீழ்வது எந்திரக் குறையால் மட்டுமன்று. ஒரு துறையின் எல்லை முடிந்து மறு துறையின் எல்லை தொடங்கும் இடத்திலேதான் அது வீழ்கிறது. இதை அறிய நாம் பெர்லினுக்கும் டோக்கியோவுக்கும் போக வேண்டியதில்லை. திருப்பூர் போதும்.

வெள்ளியங்கிரி மலையிலே பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைத் தழுவி ஓடிக் காவிரியிலே கலப்பது நொய்யல். காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் கரையிலே கொடுமணல் என்ற ஊரிலே மக்கள் இரும்பு உருக்கினர். வண்ண மணிகள் செய்தனர். கடல் கடந்த நாடுகளோடு வாணிகம் நடத்தினர். அகழாய்வு அதை நமக்குக் காட்டியிருக்கிறது. பின்னாளில் அணைகளும் குளங்களும் வரிசையாக எழுந்தன. ஒரு குளத்தின் மிகுநீர் மறு குளத்தின் வரவாயிற்று.

அந்த ஆற்றைத் தாய் என்றோம். ஆடிப் பதினெட்டிலே பூச்சூட்டினோம். கரையெங்கும் கோயில் கண்டோம், சூடம் கொளுத்தினோம். ஆனால் அந்தத் தாயின் வாயிலே நஞ்சு ஊற்றப்பட்ட நாளில் எந்தத் தெய்வமும் தடுக்க வரவில்லை! சூடம் கொளுத்திய கையே சாயக்குழாயைத் திறந்துவிட்டது. போற்றிப் பாடுவது வேறு, பொறுப்பேற்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் கற்பிக்கும்?

திருப்பூரை நாம் தூற்ற வரவில்லை. அது நமக்கு வேண்டிய ஊர். 1932இல் குமரன் கொடியைப் பிடித்தபடி வீழ்ந்த ஊர். 1934இல் இளைஞர் மாநாட்டின்போது பெரியாரை அண்ணா முதன்முதலாகச் சந்தித்த ஊர். 1920களிலே சில பின்னல் எந்திரங்களோடு தொடங்கிய பனியன் தொழில், 1980களிலே கடல் கடந்தது. வெள்ளைப் பனியன் வண்ணச் சட்டையாயிற்று. 1980களின் நடுவிலே சில கோடிகளாக இருந்த ஏற்றுமதி, 2007ஆம் ஆண்டளவிலே பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. மழை பொய்த்த மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். பண்ணையாரின் வாசலிலே கைகட்டி நின்ற குடும்பத்துப் பிள்ளை, இங்கே சனிக்கிழமைதோறும் வாரக்கூலி எண்ணி வாங்கினான். அடுப்பங்கரையன்றி வேறு உலகம் அறியாதிருந்த பெண், தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து தன் உழைப்பின் விலையைத் தானே பெற்றாள். சீர்திருத்த இயக்கம் வேண்டியதும் இதுதானே! தொழில் வேண்டாம் என்று சொல்பவன் பகுத்தறிவாளன் அல்லன்.

ஆனால் வண்ணத்துக்கு ஒரு விலை இருந்தது. பருத்தித் துணியிலே சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். சாதாரண உப்போ, சோடியம் சல்பேட் என்னும் உப்போ, சாயத்தொட்டியிலே ஏராளமாகக் கரைக்கப்படும். உப்பு துணியிலே தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டுத் தான் நீரிலேயே நின்றுவிடும். நூலேறாத சாயமும் அந்த நீரிலேயே நிற்கும். பட்டறையிலே தொட்டியைத் திறந்துவிட்டால் ஓடை. ஓடை சேர்ந்தால் நொய்யல். சுண்ணாம்பு போட்டுக் கலக்கினால் நிறம் குறையும். சேறு அடியிலே தங்கும். உப்போ கரைந்தபடியே இருக்கும். எத்தனை நாள் காத்தாலும் படியாது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத உப்பே வயலைக் கொன்றது.

இனி அரசின் கைகளை எண்ணுவோம்.

ஒரு கை, அந்நியச் செலாவணி வேண்டும் என்று ஏற்றுமதிக்குச் சலுகை தந்தது. அது மத்திய அரசின் கை. இரண்டாம் கை, பட்டறை வைக்கக் கடனும் உரிமமும் வழங்கியது. மூன்றாம் கை, நீர் மாசுபடுவதைத் தடுக்க 1974இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஏந்தி நின்றது. அதற்கென 1982இல் தமிழ்நாட்டிலே தனி வாரியமும் அமைந்தது. 1989இல் தமிழ்நாடு அரசு ஓர் ஆணையும் பிறப்பித்தது. குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் மாசு மிகுந்த தொழிற்சாலைகள் புதிதாக எழக் கூடாது என்பது அந்த ஆணை. ஏட்டிலே தடை, ஆற்றங்கரையிலே பட்டறை!

நான்காம் கை செய்ததுதான் வேதனையிலும் வேதனை. 1992இல், திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கத்து ஒரத்துப்பாளையத்திலே நொய்யலின் குறுக்கே பொதுப்பணித் துறை ஓர் அணை கட்டியது. ஈரோடு, கரூர் மாவட்டங்களிலே ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலம் பாசனம் பெற வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்! ஆனால் மேலே சாயப்பட்டறைகள் பெருகிக்கொண்டிருப்பதை அணையின் வரைபடம் கணக்கிலே கொள்ளவில்லை. மழைநீரைத் தேக்க எழுந்த அணை, சாயநீரைத் தேக்கும் தொட்டியாயிற்று. தேங்கிய உப்பு மண்ணிலே இறங்கியது. சுற்றிலும் உள்ள கிணறுகள் கெட்டன. திறந்துவிட்டால் கீழே உள்ளவனுக்குக் கேடு. தேக்கி வைத்தால் பக்கத்திலே உள்ளவனுக்குக் கேடு. பாசனம் பெறுவோம் என்று காத்திருந்த உழவர்களே, அணையைத் திறக்காதீர் என்று கதறும் நிலை வந்தது! தண்ணீர் வேண்டி அணை கேட்ட உழவன், தண்ணீரே வேண்டாம் என்று கெஞ்சிய கொடுமையை வேறு எந்த வரலாற்றிலே படித்திருக்கிறோம்?

ஐந்தாம் கை, பட்டறைகளின் தாகம் தீர்க்க எழுந்தது. சுற்று வட்டாரத்துக் கிணற்று நீரை லாரிகளிலே வாங்கிக்கொண்டிருந்த நகருக்கு, தொலைவிலிருந்து காவிரி நீர் கொண்டுவர 1995இல் ஒரு கழகம் அமைந்தது. பத்தாண்டுகள் கழித்து, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் குழாய் பதித்து நீர் வந்தது. ஒரு பக்கம் பெருஞ்செலவிலே நன்னீரைக் கொண்டுவந்து சேர்ப்பது. மறு பக்கம் அதை உப்பாக்கி ஆற்றிலே கொட்டுவது! கொட்டுகிற நீரையே மீட்டால் கொண்டுவருகிற நீரின் தேவை குறையுமே என்று கேட்க ஒரு துறையும் இல்லை. ஏனெனில், நீர் வருவது ஒரு துறையின் கணக்கு. கழிவாகப் போவது வேறொரு துறையின் கணக்கு.

இந்த ஐந்து கைகளிலே எந்தக் கையும் கெட்ட கை அன்று. ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்தது. ஐந்தையும் கூட்டிப் பார்த்தால், விளைந்தது ஓர் ஆற்றின் மரணம். கொள்கை இசைவு என்று உலக அவைகளிலே பேசுகிறார்களே, அதன் பொருள் இதுதான்: ஐந்து கைகளுக்கும் சேர்த்து ஒரு மூளை வேண்டும்.

அந்த மூளையைத் தட்டி எழுப்பியவர் யார்? அமைச்சர் அல்லர், அதிகாரி அல்லர், நிபுணரும் அல்லர். நிலம் கெட்ட உழவர்கள்! 1996இல் கரூர்ப் பகுதி நொய்யல் கால்வாய் உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே, பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கிலே உச்ச நீதிமன்றம் ஒரு நெறியை நிலைநாட்டியது. மாசுபடுத்தியவனே அதற்கான விலையைத் தர வேண்டும் என்பது அந்த நெறி. பாலாற்று உழவனின் கண்ணீர் நொய்யல் உழவனுக்குக் கருவியாயிற்று.

1998இல் உயர் நீதிமன்றம், சுத்திகரிப்பு நிலையம் அமைக்காத பட்டறைகள் மூடப்பட வேண்டும் என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கோடிகள் செலவாயின. ஆனால் அவை நிறத்தையும் சேற்றையும் நீக்கின, உப்பைத் தொடவில்லை. எந்த உப்பு வயலைக் கொன்றதோ, அந்த உப்பு சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகவே மரியாதையோடு ஆற்றை அடைந்தது! தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான்.

உழவர்கள் ஓயவில்லை. 2003இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் மீண்டும் நீதிமன்றம் ஏறினர். இழப்பை மதிப்பிட அமைந்த ஆணையம், 68 ஊர்களைச் சேர்ந்த 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் ஈடாகத் தர வேண்டும் என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூடத் தேறாது! தலைமுறை தலைமுறையாய்ச் சோறு போட்ட மண்ணுக்கு இதுவா ஈடு என்று கேட்கத் தோன்றும். எனினும், இழப்பு என்பது விதி அன்று, பிறர் செய்த வினையின் விளைவு, அதற்குக் கணக்கு உண்டு என்று அரசு ஏட்டிலே எழுதப்பட்டதே, அது பெரும் மாற்றம். தலைவிதி என்று தலையிலே அடித்துக்கொண்ட காலம் போய், தாளிலே எழுதி ஈடு கேட்கும் காலம் வந்தது.

2006ஆம் ஆண்டு டிசம்பரிலே வந்தது உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. ஒரு சொட்டுக் கழிவுநீரும் பட்டறையைவிட்டு வெளியேறக் கூடாது. 2007 ஜூலை முடிவுக்குள் அந்த நிலையை எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் தண்டத்தொகை கட்ட வேண்டும். முதலில் 6 காசு, பிறகு 8 காசு, பிறகு 10 காசு!

ஆறு காசு! இந்தச் சிறு தொகையிலே ஒரு பெரும் பொருளியல் அடங்கியிருக்கிறது. திருப்பூரிலே வெட்டுத் துணிக் கழிவை எவரும் தெருவிலே எறிந்ததில்லை. ‘பனியன் வேஸ்ட்’ என்று அதற்குப் பெயர். அதற்கு வியாபாரி உண்டு. எடைக்கு விலை உண்டு. எந்திரம் துடைக்கப் போகும், பஞ்சாக்கப்பட்டு ஓ.இ. ஆலைகளிலே மறுபடியும் நூலாகும். சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் பிறந்து புகழ்பெறும் முன்பே அந்தச் சுழற்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. அதே ஊரிலே, அதே முதலாளி, உப்புநீரை மட்டும் ஏன் கொட்டினார்? துணித்துண்டுக்கு விலை இருந்தது; ஆற்றுக்கு விலை இல்லை! கொட்டுவது இலவசம், மீட்பது செலவு. ஆற்றின் மீது 6 காசு எழுதப்பட்ட அன்றுதான் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. மனிதரின் மனம் நல்லதாகட்டும் என்று காத்திருந்தால் ஆறு மீளாது. கணக்கு மாற வேண்டும். கணக்கைச் சட்டம் மாற்ற வேண்டும்.

பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2009 அக்டோபரிலே அங்கும் தீர்ப்பு உழவர் பக்கமே நின்றது; மூன்று மாத அவகாசம் தரப்பட்டது. அதுவும் கடந்தது. 2011 ஜனவரி 28ஆம் நாள், சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் அனைத்தும் மூடப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சிலே அடங்கின.

அடங்கியது எந்திரம் மட்டுமா? அடுப்பும் அடங்கிற்று. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். பலர் மூட்டை கட்டிச் சொந்த ஊர் திரும்பினர். துணிகள் லாரி ஏறி, வேறு ஊர்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் சாயமேறச் சென்றன. உழவனால் கெட்டோம் என்று தொழிலாளியும், தொழிலால் கெட்டோம் என்று உழவனும் ஒருவரையொருவர் முறைத்து நிற்கும் நிலை மூண்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்! உண்மையிலே அந்த இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நிலம் கெட்ட உழவனின் மகனே பட்டறைக்கு வேலைக்குப் போனவன். தந்தை வயலை இழந்தது மேலிருந்து வந்த சாயநீரால். மகன் வேலையை இழந்தது அந்தச் சாயநீரை உரிய காலத்திலே மீட்காததால். 1989இன் ஆணை 1989இலேயே செயலாகியிருந்தால், 2011இன் பட்டினி நேர்ந்திருக்குமா? காலந்தாழ்ந்த நீதியின் சுமை, எப்போதும் கடைசிப் படியிலே நிற்பவன் தோளிலேதான் இறங்குகிறது.

அதன் பிறகே கைகள் ஒன்றுகூடின. மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. பொறியாளர்கள் வழி கண்டனர். சாயநீரைச் சவ்விலே வடிகட்டும் ஆர்.ஓ. முறையால் பெரும்பகுதி நல்ல நீராக மீள்கிறது. மிச்சமாகும் கடும் உப்புநீரிலிருந்து நிறம் நீக்கி, அதையே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பலாம். எஞ்சியதை ஆவியாக்கி உப்பைக் கட்டியாக எடுக்கலாம். எந்த உப்பு ஆற்றைக் கொன்றதோ, அதே உப்பு மீண்டும் முதற்பொருளாகிப் பட்டறைக்கே திரும்புகிறது. ஏறத்தாழ இருபது பொதுநிலையங்கள் வழியே, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டருக்கும் மேல் நீர் மீட்கப்படுவதாகத் தொழில்துறையினர் கூறுகின்றனர். தொழில் அழிந்ததா? இல்லை! 2022-23இலே ஏற்றுமதி முப்பதாயிரம் கோடி ரூபாயைக் கடந்தது. மீட்கச் சொன்னால் தொழிலே போய்விடும் என்று அன்று அலறியவர்கள், இன்று வெளிநாட்டு வாணிகரிடம் அந்த மீட்பையே பெருமையாகச் சொல்லிச் சரக்கை விற்கின்றனர்.

எனினும் வட்டம் முழுமையாகிவிட்டது என்று நாம் கைகொட்ட முடியாது. நீரை ஆவியாக்க விறகு எரிகிறது. உப்பைப் பிடித்த கை புகையை விடுகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாய்த் தேங்குகின்றன. அந்தச் சேற்றைச் சிமெண்டு ஆலைகளிலே பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது. மண்ணுக்குள் இறங்கிய உப்பு, நீதிமன்ற ஆணைக்குக் கட்டுப்பட்டு மேலே ஏறி வருவதில்லை. இங்கே கட்டுப்பாடு, வேறிடத்திலே கண்மூடல் என்றிருந்தால், கழிவு ஒழியாது, இடம்தான் மாறும். நொய்யலைக் காத்துக் காளிங்கராயன் கால்வாயைக் கெடுப்பது காப்பாகுமா? ஒரே சட்டம், ஒரே கண்டிப்பு எல்லா ஆற்றுக்கும் வேண்டும்; இந்தியா முழுமைக்கும் வேண்டும். இல்லையேல், ஒழுங்காக மீட்பவன் செலவாளி, ஒளித்துக் கொட்டுபவன் இலாபக்காரன் என்றாகிவிடும்.

இன்னுமொன்று. சீர்திருத்தம் பேசுவோர் இதைக் கேட்காமல் விட முடியாது: இந்தச் சுழற்சிச் சக்கரத்தை யார் கையால் சுற்றப்போகிறோம்? நம் நாட்டிலே பழைய ‘சுழற்சி’ ஒன்று இருந்தது. செத்த மாட்டின் தோல் செருப்பாயிற்று, ஊர்க் கழிவு எருவாயிற்று, எதுவும் வீணாகவில்லை. ஆனால் அந்த வேலை முழுதும் சிலர் தலையிலே பிறப்பின் பேரால் கட்டப்பட்டது. செய்தவனையே தீண்டத்தகாதவன் என்றது வைதீகம். பழமையிலேயே எல்லாம் இருந்தது என்று இன்று இதைக் காட்டிப் பெருமை பேசுவோர், அந்தக் கணக்கை மறைக்கின்றனர். கையால் மலம் அள்ளுவதை 1993இலும், மேலும் விரிவாக 2013இலும் சட்டம் தடுத்தது. எனினும் தொட்டிக்குள் இறங்கிய மனிதர் நச்சுக்காற்றிலே மாளும் செய்தி நின்றபாடில்லை. திருப்பூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைத் தொட்டிகளும் இதற்கு விலக்கு அல்ல. நீரை மீட்டு மனிதனைக் கொல்லும் முறைக்குச் சுழற்சி என்று பெயரிட நாம் ஒப்ப மாட்டோம். தொட்டிக்குள் எந்திரம் இறங்கட்டும்; மனிதன் வெளியே நிற்கட்டும்!

ஆகவே, இளந்தோழர்களே, புதிய தொழிற்பேட்டை, புதிய அணை, புதிய ஆலை என்று அறிவிப்பு வரும்போது, வாழ்த்துவதற்கு முன்னும் வசைபாடுவதற்கு முன்னும் மூன்று கேள்விகள் கேட்போம். இதன் எச்சம் எங்கே போகும்? அந்த எச்சத்தின் விலையை யார் கட்டுவார்? இதற்கு அனுமதி தந்த துறையும், இதன் கேட்டைத் தடுக்க வேண்டிய துறையும் ஒரே மேசையிலே அமர்ந்து பேசினவா? தொடங்கும் நாளிலே இம்மூன்றுக்கும் விடையிருந்தால், முடியும் நாளிலே நீதிமன்றம் வேண்டியதில்லை.

நொய்யல் தெய்வமாக வேண்டாம், தாயாகவும் வேண்டாம். ஆறாக இருக்கட்டும், அதுபோதும். கரையிலே கற்பூரம் ஏற்றியவர் ஆயிரம் ஆயிரம்; ஆயினும் அந்த ஆற்றுக்கு வழி பிறந்தது, வயல் இழந்த சில உழவர்கள் தங்கள் இழப்பைக் கணக்காக எழுதி நீட்டிய அந்தத் தாளினால்தான். நம் ஊர் ஆறும் கணக்குக் கேட்கிறது. எழுதத் தெரிந்த கைகள் நம்மிடம் இருக்கின்றன, எழுதுவோம்!